சொல்லுக்குள் சூட்சுமம்: கடன்

மளிகைக் கடைக்குச் சற்று முன்னால் தெரு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடை வாசலைத் தாண்டி நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போகும். நாலு நிமிட நடை. இன்னொன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அதே பஸ் ஸ்டாப்புக்குப் போகும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

பத்து வருடமாக நேர் வழியில் போய்க்கொண்டிருந்த ஒருவர், திடீரென்று ஒரு நாள் சுற்று வழியில் நடக்க ஆரம்பிக்கிறார். டாக்டர் நடக்கச் சொன்னாரா? இல்லை. மளிகைக் கடையில் 1,800 ரூபாய் பாக்கி!

"அண்ணாச்சி, எழுதிக்கோங்க. ஒண்ணாம் தேதி வந்துடும்" என்று சொல்லித்தான் வாங்கினார். ஒன்றாம் தேதி வந்தது. பையனின் ஸ்கூல் ஃபீஸும் வந்தது. பத்தாம் தேதி தந்துவிடலாம் என்று நினைத்தார். பத்தாம் தேதியும் போனது. அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால், அவர் கேட்டுவிடுவாரோ என்ற எண்ணமே இவர் கால்களைத் திருப்பிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுற்று வழியில் இருக்கும் வேறொரு கடையில் இப்போது பாலும் சோப்பும் வாங்குகிறார். அங்கே கணக்கு கிடையாது, ரொக்கம்தான்! நம்பிக் கொடுத்த அண்ணாச்சிக்குப் பாக்கியும் வரவில்லை, வாடிக்கையாளரும் போய்விட்டார். நம்பாத கடைக்குத் தினமும் கைமேல் காசு.

எல்லா ஊரிலும் இப்படி ஒரு கடை உண்டு, இப்படி ஒரு சுற்று வழியும் உண்டு. இந்த வாரச் சொல் அந்தச் சுற்று வழியில்தான் இருக்கிறது. கடன்.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

கடன் என்றதும் வட்டி, தவணை, இ.எம்.ஐ. என்றுதான் மனசு ஓடும். ஆனால், தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பெரிய குடும்பம் இருக்கிறது.

காலையில் எழுந்ததும் முடிப்பது காலைக்கடன். சாமிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போடுவது நேர்த்திக்கடன். உதவியவரை மறக்காமல் இருப்பது நன்றிக்கடன். உப்பிட்டவருக்காக உயிரையும் கொடுப்பது செஞ்சோற்றுக்கடன். பெற்றவர்களை வழியனுப்பி வைப்பது இறுதிக்கடன். இவற்றில் ஒன்றிலும் வட்டி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. எல்லாமே ஒருவர் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள். கடமை என்ற சொல்லும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும், செய்து தீர வேண்டிய கடமைக்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்திருக்கிறான்.

ஆங்கிலத்திலும் இந்த உறவு உண்டு. டெப்ட், டியூட்டி இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. ஜெர்மன் மொழிக்குப் போனால் கதை வேறு. அங்கே கடனைக் குறிக்கும் 'ஷுல்ட்' என்ற சொல்லுக்குக் குற்றம் என்றும் ஓர் அர்த்தம்.

இந்த வித்தியாசம் அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. கடனைக் குற்றமாக நினைப்பவர் ஒளிவார். கடமையாக நினைப்பவர் அதை எப்படிச் செய்து முடிப்பது என்று யோசிப்பார். சுற்று வழியில் நடக்கும் மனிதர் தமிழில்தான் பேசுகிறார். ஆனால், கடன் விஷயத்தில் அவர் மனசு ஜெர்மன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறது!

சாகாத ஆடுகள்

கடனைக் கடமையாகப் பார்த்ததற்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் அழகான சாட்சி இருக்கிறது. கோயிலில் அணையாத விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் ஆடுகளைக் கொடுப்பார். ஒரு விளக்குக்குச் சில இடங்களில் 90 ஆடுகள், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும்.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர், 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள்!

சாகாத ஆடு உலகத்தில் ஏது? ஆடு சாகும், குட்டி போடும், கிழடாகும். ஆனால், கணக்கில் 96 என்றால் என்றைக்கும் 96தான். குறைந்ததை ஈடுகட்டி மந்தையைக் காப்பது வாங்கியவர் பொறுப்பு. அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளின் பொறுப்பு. அதே நேரம் உபரிக் குட்டியும் பாலும் மந்தையை வளர்ப்பவருக்குப் பிழைப்பைக் கொடுத்தன.

இன்றைய தொழில் கடனுக்கும் இதுவே சரியான இலக்கணம். வாங்கிய பணம் குட்டி போட வேண்டும். மெஷின் வாங்கக் கடன் வாங்கினால் அந்த மெஷின் சம்பாதித்துத் தவணையைக் கட்டும். கல்யாணத்தில் 500 பேருக்குப் பதில் 1,000 பேருக்கு இலை போடக் கடன் வாங்கினால் அந்த ஆடு மறுநாளே செத்துப்போகும், நெய் மட்டும் வருடக்கணக்கில் அளக்க வேண்டியிருக்கும்.

60 வயதில் உலகம் சுற்றியவர்

கடனைக் கடமையாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் ஓர் உதாரணம்.

எழுத்தில் சம்பாதித்தவர், சொந்தமாகப் பதிப்பகம் வைத்திருந்தார். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, அவர் மனைவிக்கு 2,00,000 டாலர் செக் கொடுத்த பதிப்பகம் அது. அந்த வெற்றியோடு ஆசையும் வளர்ந்தது. தானாகவே அச்செழுத்து கோக்கும் ஒரு மெஷினில் ட்வைன் பணத்தைக் கொட்டினார். ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் கொண்ட அந்த மெஷின் அடிக்கடி படுத்துக்கொண்டது. அதற்குள் லைனோடைப் மெஷின் சந்தையைப் பிடித்துவிட்டது. 1894-ல் பதிப்பகம் திவாலானது. கடன் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர்.

கையில் இருப்பதைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லியிருக்கலாம். ட்வைனும் அவர் மனைவி ஒலிவியாவும் அதற்கு ஒப்பவில்லை. முழுக் கடனையும் அடைப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவைப் பத்திரிகைகளிலும் வெளிப்படையாக அறிவித்தார் ட்வைன்.

1895-ல், ஏறக்குறைய 60 வயதில், மனைவியையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு உலகச் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார். உடம்பில் கட்டி, தொடர்ந்து இருமல். அப்படியும் மேடை ஏறிச் சிரிக்க வைத்தார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கொழும்பு, பம்பாய், காசி, கல்கத்தா, தென்னாப்பிரிக்கா என்று ஒரு வருடப் பயணம். அது முடிந்த கையோடு, 1896 ஆகஸ்டில், அமெரிக்காவில் இருந்த மூத்த மகள் சூசி 24 வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது ட்வைன் இங்கிலாந்தில் இருந்தார். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தத் துக்கத்திலேயே உட்கார்ந்து பயண நூலை எழுதி முடித்தார். 1898-ல் கடைசி டாலர் வரை அடைந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ட்வைன் இதைத் தனியாகச் செய்யவில்லை. ஹென்றி ரோஜர்ஸ் என்ற தொழிலதிபர் அவர் கணக்கு வழக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டார். கடன்காரர்களோடு பேசி அவகாசம் வாங்கினார். புத்தகங்களின் உரிமை கைவிட்டுப் போகாமல் பாதுகாத்தார். ட்வைன் வீட்டில் மறைக்கவில்லை, ஊரிலும் மறைக்கவில்லை, கணக்குத் தெரிந்தவரிடம் உதவி கேட்கத் தயங்கவில்லை. அதனால்தான் வழி பிறந்தது.

347 ரூபாய் 12 அணா

நம் ஊரில் இந்தச் சொல்லின் எல்லா அர்த்தங்களையும் வாழ்ந்து பார்த்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908-ல் கைதாகி, சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. குடும்பத்தோடு சென்னையில் வறுமையில் இருந்தார்.

அவர் நிலைமையைக் கேள்விப்பட்ட தென்னாப்பிரிக்க இந்தியர்கள் பணம் திரட்டி, அதை காந்தியிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1915-ல் காந்தி இந்தியா திரும்பிய பிறகு, அந்தப் பணம் பற்றி இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் காந்திக்கு உடனே நினைவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. மாதங்கள் ஓடின. 1916 தொடக்கத்தில்தான் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

இதில் யார் மேலும் குற்றம் இல்லை. காந்தி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த வருடம் அது. ஆனால், தர வேண்டியவருக்கு அது நூறு வேலைகளில் ஒரு வேலை. காத்திருந்த வ.உ.சி.க்கு அது வீட்டு அரிசி. தாமதத்தின் கனம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

பிறகு வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துக் கப்பல் விட்டவர், தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அது நன்றிக்கடன்.

1936-ல் மறைவதற்கு முன் எழுதிய உயிலில், தான் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பட்டியலிட்டார். கடைகளுக்குத் தர வேண்டிய சில்லறைப் பாக்கிகள்கூட அதில் இருந்தன. கப்பல் கம்பெனி நடத்தியவர், கடைப் பாக்கியை எழுதி வைப்பதை அவமானமாக நினைக்கவில்லை. எழுதாமல் போவதைத்தான் அவர் மனசு ஒப்பவில்லை.

45 நாள் கணக்கு

வ.உ.சி. காத்திருந்ததைப் போல இன்று ஆயிரக்கணக்கான சிறு தொழில்காரர்கள் காத்திருக்கிறார்கள். சரக்கு போய்விட்டது, பில்லும் போய்விட்டது. போன் பண்ணினால், "அடுத்த வாரம் பாருங்க சார்" என்று பதில். வாங்கிய கம்பெனி லாபத்தில் இருக்கும். சப்ளை செய்தவர் தன் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் நகையை அடகு வைத்திருப்பார்.

2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் தேதி பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தேதி பேசாவிட்டால் 15 நாள். மீறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக!

சட்டம் இருந்தும் பலர் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். அதனால், இந்தக் கடமை பணம் தர வேண்டியவருக்கே நினைவிருக்க வேண்டும். தன் பாக்கியை வசூலிக்க ஆள் வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தான் தர வேண்டியதைத் தேதி பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வைத்தால், பாதித் தொழில்கள் நிம்மதியாக மூச்சுவிடும்.

காலாவதி ஆவதும் ஆகாததும்

புரோநோட்டுக்கு ஆயுள் 3 வருடம் என்பது ஊரறிந்த விஷயம். இடையில் ஒரு பகுதியைக் கட்டியோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டோ இருந்தால் கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும். இல்லையென்றால், அதற்குப் பிறகு கோர்ட் படி ஏறி வசூலிக்க முடியாது.

ஆனால், அதே சட்டப் புத்தக அலமாரியில் 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டமும் இருக்கிறது. அதில் ஓர் அழகான ஏற்பாடு. காலாவதியான கடனையும், "நான் தருகிறேன்" என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த வாக்குறுதி செல்லும். வழக்குப் போடும் உரிமைக்குத்தான் சட்டம் தேதி குறித்திருக்கிறது. திருப்பித் தர நினைப்பவருக்கு அது கதவைச் சாத்தவில்லை.

கடமை என்பது வாங்கியவருக்கு மட்டும் அல்ல, கொடுத்தவருக்கும் உண்டு. வங்கியும் நிதி நிறுவனமும் அனுப்பும் வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் தவணைக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தையும் நண்பர்களையும் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. போனில் வரும் மிரட்டலுக்குப் பயந்து விபரீத முடிவுக்குப் போனவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. கட்ட முடியாமல் போவது ஒரு நிலைமை. ஏமாற்றுவதுதான் குற்றம். இரண்டையும் ஒன்றாக நினைத்து யாரும் உயிரை விடத் தேவையில்லை. தவணையை மாற்றி அமைக்கச் சொல்லி வங்கியிடமே எழுத்தில் கேட்கலாம். மிரட்டினால் போலீஸில் புகார் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் ஒருவரிடமாவது தொகையைச் சொல்லிவிட வேண்டும். வாய்விட்டுச் சொன்ன தொகை, மனசுக்குள் பூட்டி வைத்த தொகையைவிட எப்போதும் சிறியதாகத்தான் தெரியும்.

ஒரு தாள் போதும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு தாளில் தர வேண்டியதையெல்லாம் எழுத வேண்டும். வங்கித் தவணை, கிரெடிட் கார்டு மட்டும் போதாது. மச்சானிடம் வாங்கிய கைமாற்று, ஆபீஸ் நண்பர் கொடுத்த 500, பால்காரர் பாக்கி, தையல்காரருக்குப் பாதி கொடுத்து நிறுத்தியது எல்லாம் வர வேண்டும்.

சிறியதை முதலில் அடைக்கலாம். வங்கிக்கு நம் முகம் தெரியாது. பால்காரருக்குத் தெரியும். பெரியதற்கு, கெடு முடிந்த பிறகு அல்ல, முடிவதற்கு முன்பே போய்ச் சொல்ல வேண்டும். முழுதாகத் தர முடியாவிட்டால் ஒரு பகுதி தரலாம். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் மட்டும் வேண்டாம்.

பணமில்லாத கடன்களுக்குத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. முதல் வேலைக்குச் சிபாரிசு செய்தவர், ஃபீஸ் கட்டிய சித்தப்பா, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரர். இந்தக் கணக்குக்கு 500 ரூபாய் வேண்டாம், ஒரு போன் போதும்.

அந்தச் சுற்று வழிக்காரர் என்ன செய்யலாம்? நாளைக் காலையில் நேர் வழியிலேயே போகலாம். கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, மறக்கலை. இப்ப 300 வெச்சுக்கோங்க. மீதியை மூணு மாசத்துல தந்துடறேன்" என்று சொல்லலாம். அண்ணாச்சி திட்டலாம், திட்டாமலும் போகலாம். நோட்டில் 1,800-ஐ அடித்துவிட்டு 1,500 என்று எழுதுவார்.

பஸ் ஸ்டாப்புக்கு மறுபடியும் நாலு நிமிடம்தான்.